பூட்டிய குறிப்பேடும் பொதுவில் வைத்த பாடமும்

இறையியல் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்; புகழுரை வாசித்தளிக்கிறோம்; நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். அவர் ஆண்டுதோறும் கூட்டியும் குறைத்தும் திருத்தியும் எழுதிவைத்த பாடக்குறிப்புகள் என்ன ஆயின என்று எவரும் கேட்பதில்லை. எனக்குப் பழைய ஏற்பாட்டைக் கற்பித்த ஆசிரியர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், ஆமோஸ் பற்றிய அவருடைய குறிப்புகளைத் தேடி அவர் வீட்டுக்குச் சென்றேன். வீடு மாற்றும்போது காகிதங்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டதாக அவருடைய மகள் வருத்தத்துடன் கூறினார். அவர்மீது குற்றம் ஒன்றுமில்லை. தந்தையின் கையெழுத்தில் கிடந்த நூற்றுக்கணக்கான தாள்களில் மதிப்புடையது எது என்று அவருக்கு எவர் சொல்லியிருந்தோம்? ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தை என் ஆசிரியர் விளக்கியதுபோல் விளக்கிய நூலொன்றை இதுவரை நான் கண்டதில்லை. என் நினைவில் தங்கியது அதில் பாதிகூட இராது.

அன்றுமுதல் மயிலாப்பூரில் லஸ் முனைப் பக்கம் போகும்போதெல்லாம் நடைபாதையில் குவிந்திருக்கும் பழைய புத்தகங்களைக் கிளறிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பொறியியல் தேர்வுக் கையேடுகள் கிடைத்தன. சோதிட நூல்கள் கிடைத்தன. எவரோ ஒரு மாணவர் அழகிய கையெழுத்தில் எழுதிய திருச்சபை வரலாற்றுக் குறிப்பேடு ஒன்றும் கிடைத்தது. அதைச் சொல்லித் தந்த ஆசிரியர் பெயர் அதில் இல்லை. ஆமோஸ் கிடைக்கவில்லை.

ஆசிரியர்கள் தம் பாடங்களை இணையத்தில் எவரும் எடுத்துப் படிக்குமாறு வைக்கவேண்டும் என்னும் கருத்து இன்று புதியதன்று. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்களின் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் உலகிலுள்ள எவர்க்கும் கட்டணமின்றித் திறந்து வைக்கப்போவதாக அறிவித்தது. பட்டம் தருவதாக அது சொல்லவில்லை. ஆசிரியரோடு உரையாடும் வாய்ப்பையும் தருவதாகச் சொல்லவில்லை. பாடத்தை மட்டும் தருவதாகச் சொன்னது. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் ஆசிரியர்களுடைய அச்சங்களுள் பல, பாடத்தையும் கல்வியையும் ஒன்றெனக் கொள்வதால் எழுவன.

எனினும் மாசசூசெட்ஸ் வரை போகவேண்டிய தேவை நமக்கு இல்லை. தென்சென்னையிலேயே, அடையாற்றுக்கு அருகில், ஒன்றுக்கொன்று தொலைவில்லாத இரண்டு நிறுவனங்கள் இதே பணியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகின்றன. ஒன்று கோட்டூர்புரம் காந்தி மண்டபம் சாலையிலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம். மற்றது 1959இல் நிறுவப்பெற்ற சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். நம் இறையியல் ஆசிரியர்களுள் இவ்விரண்டின் வாயிலைக் கடந்து செல்லாதவர் குறைவு. உள்ளே நடப்பது என்னவென்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர் என்பது ஐயமே.

தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தொடங்கப்பெற்றது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பிறந்த திட்டம் அது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் வா. செ. குழந்தைசாமி அதன் முதல் தலைவராக இருந்து வழிநடத்தினார். அயல்நாடுகளில் வாழும் தமிழர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க வேண்டும் என்பதே முதல் நோக்கம். மழலைக் கல்வியிலிருந்து இளநிலைப் பட்டம் வரை பாடங்கள் எழுதப்பட்டன. அவற்றைப் படிக்க எவரும் பணம் செலுத்தவேண்டியதில்லை. அவற்றோடு சங்க நூல்கள் முதல் சமய இலக்கியங்கள் வரை அடங்கிய மின்னூலகம் ஒன்றும் உண்டு. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலர் கு. கல்யாணசுந்தரம் தன்னார்வலர் துணையுடன் மதுரைத் திட்டத்தைத் தொடங்கித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றத் தலைப்பட்டிருந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கல்விக்கழகத்தின் பாடங்களைத் திறனாய்வு நோக்கில் படித்தபோது என்னைக் கவர்ந்தது அவற்றின் ஒழுங்கு. பாடத்தின் தலைவாயிலிலேயே அது எதைக் கூறுகிறது, படிப்பவர் பெறும் பயன் யாது என்று சொல்லப்படுகிறது. இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்கள் உள்ளன. ஆசிரியர் அருகில் இல்லாத மாணவரை மனத்தில் வைத்து எழுதியவர்களின் பரிவு அதில் தெரிகிறது. குறையும் உண்டு. நான் படித்த பாடங்களில், அறிஞர்கள் தம்முள் மாறுபடும் இடங்கள் பெரும்பாலும் சமன்செய்யப்பட்டு ஒரே குரலாக ஒலிக்கின்றன. காலக்கணிப்பிலோ பாடவேறுபாட்டிலோ சச்சரவு இருப்பதை மாணவர் அறியாமலே பாடத்தை முடித்துவிடலாம். கற்பிப்போர் கூடி எழுதும் பொதுப் பாடத்தின் இயல்பான நோய் இது. தனியாசிரியர் ஒருவர் தம் பெயரிட்டு வைக்கும் குறிப்புகளில் இந்நோய் குறையும். வேறு நோய்கள் வரும்.

தொழில்நுட்பக் கழகத்தார் சென்ற வழி வேறு. 2003ஆம் ஆண்டில் நடுவண் அரசின் நிதியுதவியுடன் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் என்னும் திட்டத்தைத் தொடங்கின. அதன் ஒருங்கிணைப்பு மையம் சென்னை. நுழைவுத் தேர்வில் வென்ற சிலருக்கே உரியதாயிருந்த வகுப்பறை, திருநெல்வேலியிலும் தருமபுரியிலும் உள்ள கல்லூரி மாணவர்க்கும் திறந்தது. 2014முதல், பாடத்தைக் கேட்டுத் தேர்வெழுதுவோர்க்குச் சான்றிதழும் வழங்குகின்றனர். பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம். 2017இல் நடுவண் அரசு தொடங்கிய ஸ்வயம் என்னும் தளத்திலும் இப்பாடங்கள் இடம்பெற்றுள்ளன.

இங்கும் ஒரு குறையைச் சொல்லாமல் விடமுடியாது. நெடுங்காலம் இப்பாடங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்க்கு வாயில் திறந்திருந்தது, வாசற்படி உயரமாயிருந்தது. பேச்சுரைகளைத் தமிழ் முதலிய மொழிகளில் பெயர்க்கும் பணி பிற்காலத்திலேதான் ஊக்கம் பெற்றது. இறையியல் கல்வியில் இக்குறை நமக்கு நன்கு பழக்கமானதே. செராம்பூர் பாடத்திட்டத்துக்கு உரிய நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. தமிழில் படிக்கும் மாணவர் ஆசிரியரின் வாய்மொழிக் குறிப்பையே நம்பியிருக்கிறார். அதாவது, தமிழில் இறையியல் படிப்பவருக்கு நூலகமே அந்தக் குறிப்பேடுதான். பட்டம் பெற்று ஊருக்குச் சென்றபின், மழையில் நனைந்தும் கறையான் அரித்தும் அதுவும் போய்விட்டால் அவரிடம் எஞ்சுவது என்ன? ஆங்கில நூல்கள் நிறைந்த நூலகமுள்ள கல்லூரியின் ஆசிரியரைவிடத் தமிழில் கற்பிக்கும் நமக்கு இக்கடமை கூடுதலானது என்று நான் கருதுவது இதனால்தான்.

சபை ஊழியரைக் கல்லூரிக்கு அழைப்பதற்குப் பதிலாகக் கல்லூரியை ஊழியரிடம் அனுப்பவேண்டும் என்னும் எண்ணமும் நமக்குப் புதிதன்று. 1963இல் குவாத்தமாலா நாட்டின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி விரிவாக்க இறையியல் கல்வியைத் தொடங்கியது. நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு வரமுடியாத கிராமத் தலைவர்களுக்குப் பாடநூல்கள் அனுப்பப்பட்டன. ஆசிரியர் குறித்த நாளில் அவர்களிடம் சென்று கூடிப் பேசினார். 1971இல் பெங்களூரில் தோன்றிய டாஃப்டி அமைப்பு அதே முறையை இந்தியாவில் பரப்பியது. அக்காலத்தில் அஞ்சல் செய்ததை இன்று கைப்பேசி செய்கிறது. மாறியது ஊர்தி மட்டுமே. அக்காலத்துப் பாடநூல்களைப் பற்றி நாம் சொன்ன குறை இன்றும் பொருந்தும்: கூடிப் பேசும் நாள் இல்லாத இடத்தில் பாடம் வெறும் நிரப்பேடு ஆகிவிடுகிறது.

இனி நம் ஆசிரியர்கள் தயங்குவதற்குக் கூறும் காரணங்களைப் பார்ப்போம். குறிப்புகளை வெளியிட்டுவிட்டால் மாணவர் வகுப்புக்கு வரமாட்டார் என்பர் சிலர். குறிப்பைப் படித்துக் காட்டுவதற்காகவே வகுப்பு நடத்துகிறோம் என்றால் அவர்கள் வராதிருப்பதே நேர்மை. இதற்குமேல் இக்காரணத்தில் நின்று பேசவேண்டியதில்லை.

என் உழைப்பைப் பிறர் திருடுவர் என்பது அடுத்தது. இதில் நியாயம் உண்டு. பதிப்பாளர் கையில் தன் படைப்பு சிக்கியதை மார்ட்டின் லூத்தரும் 1525இல் கடிந்து எழுதினார். அச்சுக்கூடத்திலிருந்து அவருடைய கையெழுத்துப்படியைத் திருடிச் சென்று வேற்றூரில் அச்சிட்டு விற்றனர். அவர் தம் எழுத்துக்கு ஊதியம் பெறாதவர். ஆகவே அவருடைய கோபம் காசைப் பற்றியது மட்டுமன்று. தம் நூலைத் தாமே அடையாளம் காணமுடியாதவாறு பிழை மலிய அச்சிட்டார்கள் என்பதே அவர் பெரிதும் நொந்த இடம். நம் நிலையும் இதுவே. நம் குறிப்புகள் ஏற்கெனவே வெளியே போய்விட்டன. மாணவர் எழுதிய பிழையான படியை நகலெடுத்து, நகலின் நகலை எடுத்து, இன்று கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகின்றனர். ஆசிரியர் தாமே வெளியிடும் சரியான படி ஒன்று பொதுவில் இல்லாததால், பிழையான படியே ஆட்சி செய்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடநூற் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்ற கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்காக அவ்வாறு நகலெடுப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணன்று என்று தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. பின்னர்ப் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. இத்தீர்ப்பைக் காட்டி, பிறர் நூலை அப்படியே இணையத்தில் ஏற்றலாம் என்று வாதிடுவோரும் உண்டு. அது தவறு. வகுப்பில் உள்ள மாணவருக்கு நகல் தருவது வேறு. உலகத்துக்கெல்லாம் வெளியிடுவது வேறு. இணையத்தில் வைக்க ஆசிரியருக்கு உரிமையுள்ளது தம் சொந்தச் சொற்களும், காலங்கடந்து பொதுவுடைமை ஆனவையுமே. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலைக்கும்.

'தம் சொந்தச் சொற்கள்' என்றேனல்லவா? எவரும் வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது காரணம் இங்கேதான் இருக்கிறது. ஐந்தாகமங்கள் பற்றிய என் குறிப்புகளை வெளியிடலாம் என்று எண்ணி ஒருமுறை தட்டச்சு செய்ய அமர்ந்தேன். பத்துப் பக்கம் போவதற்குள் கை தயங்கியது. இளமையில் ஆங்கில நூல்களிலிருந்து எடுத்து மொழிபெயர்த்த பத்திகள், எவருடையவை என்ற குறிப்பின்றி, என் குரலாகவே நின்றன. எது என் கருத்து, எது எனக்குக் கற்பித்தவருடையது, எது அச்சிட்ட நூலிலிருந்து வந்தது என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை. நான்கு சுவருக்குள் அது எவரையும் உறுத்தவில்லை, என்னையும் உறுத்தவில்லை. அந்தக் குறிப்புகளைப் பிரித்து, உரியவர் பெயர்களை உரிய இடத்தில் சேர்த்து, சேர்க்க முடியாதவற்றை நீக்கி முடிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. அறுபது பக்கம் முப்பத்தெட்டாகக் குறைந்தது. கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பின் என் பாடத்தை நானே முதன்முறையாகப் படித்தேன் என்று சொன்னால் மிகையாகாது.

நான்காவது காரணம் இறையியல் ஆசிரியர்க்கே உரியது. பொறியியல் ஆசிரியர்க்கு இது இல்லை. நாம் வகுப்பறையில் ஒன்றும் பிரசங்க மேடையில் வேறொன்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஐந்தாகமங்கள் பல கைகளால், பல காலங்களில் உருவாகித் தொகுக்கப்பட்டன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெல்ஹவுசன் எழுதியபின் இறையியல் மாணவர் எவரும் கடந்தே ஆகவேண்டிய பாடம். அவருடைய கொள்கை இன்று பலவாறு திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் கேள்வி மறையவில்லை. மோசேயின் மரணத்தை உபாகமத்தின் இறுதி அதிகாரம் கூறுகிறதே என்று தொடங்கி ஆண்டுதோறும் இதைக் கற்பிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. சபையாரின் விசுவாசம் தளரும் என்பது நாம் கூறும் காரணம். அது முழுப்பொய் அன்று; முழு உண்மையும் அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவருடைய குறிப்பேட்டிலிருந்து ஒரே ஒரு பக்கம் படம் பிடிக்கப்பட்டு வாட்ஸ்அப் வழியாகச் சபை சபையாகச் சுற்றியது. அப்பக்கத்தில் கேள்வி இருந்தது. அடுத்த பக்கத்திலிருந்த விளக்கம் இல்லை. மோசேயை மறுதலிக்கும் ஆசிரியர் என்று மூப்பர் ஒருவர் என்மீது முறையீடு எழுதினார். விசாரணை நடந்தது, விளக்கம் சொன்னேன், முடிந்தது. அதைப்பற்றி எனக்கு மனக்குறை பெரிதாக இல்லை. என்னைத் தைத்தது வேறு. அப்போது தியாகராய நகரில் ஒரு சபை மண்டபத்தில் மாலை வேளைகளில் பொதுமக்களுக்குத் திருமறை வகுப்பு நடத்திவந்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வகுப்பு முடிந்தபின் அந்தப் படத்தைக் காட்டி, "ஐயா, இது உங்களுக்கு ரொம்ப வருஷமாத் தெரியும் இல்லையா? அப்போ எங்களுக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டார். அவருடைய குரலில் கோபம் இல்லை. விசுவாசம் தளர்ந்ததாகவும் தோன்றவில்லை. தாம் சிறுபிள்ளையாக நடத்தப்பட்டதை உணர்ந்த முதியவரின் வருத்தமே இருந்தது. என்னிடம் விடையில்லை. முப்பத்தெட்டுப் பக்கங்களையும் அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தாள்களைத் திருப்பித் தந்தார். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தார். இரண்டு திருமறை மேற்கோள் எண்கள் தவறு. ஓரிடத்தில் முன்னுக்குப்பின் முரண். ஏழாம் பக்கத்தில் ஒரு நெடிய வாக்கியத்தை அடிக்கோடிட்டு, இது தமிழில்லை என்று எழுதியிருந்தார். அவ்வாக்கியத்தை நான் ஏறக்குறைய இருபது வகுப்புகளுக்குச் சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்த நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர்வது தகும். நெகேமியா எட்டாம் அதிகாரப்படி அவர் அதை ஆலயத்துக்குள் ஆசாரியர் கூட்டத்தில் வாசிக்கவில்லை. தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில், ஆண்களும் பெண்களும், கேட்டறியத்தக்க எல்லாரும் கூடியிருக்க வாசித்தார். லேவியர் மக்களிடையே நின்று பொருள் விளக்கினர். நூலும் விளக்கமும் ஒரே வீதியில் இருந்தன. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியிலும் ஒரு சிறு கட்டளை உண்டு: அந்த நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்து, அங்கிருந்து வரும் நிருபத்தை இவர்களும் வாசிக்கவேண்டும் என்பது. இரண்டில் ஒன்று நம் கையில் இருக்கிறது. லவோதிக்கேயாவிலிருந்து வரவேண்டியது எது என்று அறிஞர் இன்றும் வினவுகின்றனர். அது எபேசியர் நிருபமே என்பாரும் உளர். நகல் பரவிய ஏடு பிழைக்கிறது, ஒரே பெட்டியில் இருந்தது தொலைகிறது என்பதற்கு நான் வகுப்பில் காட்டும் சான்று இதுவே.

இதற்கு நம் தமிழ்ச் சூழலிலேயே ஒரு வேதனையான எடுத்துக்காட்டு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழ் நூல்களைக் கற்றும் தமிழரோடு உரையாடியும், தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைப் பற்றிய பெருநூலொன்றை 1713இல் எழுதி முடித்து ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார். மிஷனெரிகளின் கடிதங்களையும் அறிக்கைகளையும் தொடர்ந்து அச்சிட்டுப் பரப்பிய அதே ஹாலே, இந்நூலை அச்சிட மறுத்தது. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஃபிராங்கே கருதினார் என்பர். கையெழுத்துப்படி காப்பகத்தில் கிடந்தது. 1867இல் வில்ஹெல்ம் கெர்மான் சென்னையில் அதை அச்சிட்டார். இடையில் 154 ஆண்டுகள். அவ்வளவு காலமும், தமிழர் சமயத்தை அறியவிழைந்த மிஷனெரி ஒவ்வொருவரும் தொடக்கத்திலிருந்தே தொடங்கவேண்டியதாயிற்று. ஹாலேயின் அச்சம் என்னவோ, வகுப்பில் சொல்வதைச் சபைக்குச் சொல்ல அஞ்சும் நம் அச்சமும் ஏறத்தாழ அதுவே. பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்துக்கு ஒருமுறையேனும் சென்று அங்குள்ள ஓலைச்சுவடிகளைப் பார்த்து வருமாறு என் மாணவர்க்குச் சொல்வதுண்டு. கைக்கு எட்டியது அவ்வளவு என்றால், எட்டாமல் போனது எவ்வளவு!

நடைமுறையில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்க விரும்புகிறேன். பொதுவில் வைப்பது என்றவுடன் நம்மவர் ஒளிப்பதிவுக் கருவியைத் தேடுகின்றனர். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நாமெல்லாரும் அவசரமாகப் பேசிப் பதிவு செய்ததை இன்று எவர் கேட்கிறார்? கிராமத்து உபதேசியாருக்குத் தேவை சிறிய எழுத்துக்கோப்பு. மலிவான கைப்பேசியில் திறக்கவேண்டும், தேடினால் சொல் அகப்படவேண்டும். அதிலும் எழுத்துரு ஒரு கண்ணி. தமிழ் இணைய வரலாற்றின் தொடக்கத்தில் ஆளுக்கொரு எழுத்துமுறை இருந்தது. 1999இல் தமிழக அரசு தாம், தாப் என்னும் தரங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது. நம் கல்லூரி அலுவலகங்களில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் ஏராளம். அவற்றை வேறொரு கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோடுக்கு மாற்றாத கோப்பு ஓலைச்சுவடியைவிட விரைவில் அழியும். மாற்றுவதற்கு மென்பொருள் உண்டு. மெய்ப்புப் பார்க்க மனிதர் வேண்டும். இவ்வேலைக்கு ஒவ்வொரு துறையிலும் இரண்டு மாணவர்க்கு உதவித்தொகை ஒதுக்குமாறு ஆட்சிக்குழுக்களைக் கேட்டுக்கொள்வேன். ஆண்டறிக்கையைப் பளபளப்பான தாளில் அச்சிடும் செலவில் இது முடிந்துவிடும்.

குறிப்பின் தலைப்பில் ஆசிரியர் பெயரும், எழுதிய நாளும், திருத்திய நாளும் இருக்கவேண்டும். நிறுவனத்தின் பெயரால் மட்டும் வெளியாகும் பாடத்துக்குப் பொறுப்பேற்பார் இல்லை. தவறு கண்டவர் எவரிடம் சொல்வது என்றும் தெரியாது.

ஐந்தாகமங்களுக்குப் பின், ஆமோஸ் பற்றிய என் குறிப்புகளையும் இவ்வாறே வெளியிட்டேன். என் ஆசிரியரிடம் கேட்டு நினைவில் நின்றவற்றை அவருடையவை என்றே குறித்தேன். தம்மை மந்தை மேய்ப்பவரும் காட்டத்திப் பழம் பொறுக்குபவருமாக ஆமோஸ் கூறும் ஏழாம் அதிகாரப் பகுதியில், அவர் கூலிக்குப் பழம் பொறுக்கிய ஏழை என்று எழுதியிருந்தேன். சில வாரங்களில், தென்மாவட்டப் பனைநிலத்துச் சபையொன்றின் உபதேசியாரிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. எபிரெயச் சொல்லுக்குப் பழத்தைக் கீறிப் பழுக்கவைத்தல் என்றும் பொருள் கொள்வர் என்று என் அடிக்குறிப்பே கூறுகிறதே, அப்படியானால் அது பொறுக்கும் வேலையா, கத்தி பிடிக்கத் தெரிந்தவனின் தொழில் அல்லவா என்று கேட்டிருந்தார். தம் தகப்பனார் பாளை சீவியவர் என்றும், எவ்வளவு ஆழம் சீவவேண்டும் என்பது கைக்குத் தெரியாதவன் மரம் ஏறிப் பயனில்லை என்றும் எழுதியிருந்தார். அப்பத்தியை மாற்றி எழுதி, திருத்திய நாளைத் தலைப்பில் குறித்திருக்கிறேன். தம் பெயரைச் சேர்க்கவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.